துருப்பு ஒன்று

காகித ஆலையில் பாய்லர் பார்க்கிறவருக்கு ஓய்வுபெற இன்னும் பதினாறு நாள் இருந்தது. அன்று ஷிப்டு முடிந்து, முகத்திலும் காது மடலிலும் இருந்த கரியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மனைவி ஒரு கவரைப் பிரித்துக் கையில் வைத்தபடி கதவருகே நிற்கிறாள். முகம் சரியில்லை.

"என்னங்க இது?"

ஆலைத் தொழிலாளர் மன்றத்திலிருந்து வந்த கடிதம். மன்றத்தின் சீட்டுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இடைவிடாமல் பங்கெடுத்துச் சிறப்பித்த தங்களுக்கு, ஓய்வு நாளன்று நினைவுப் பரிசாக உறையுடன் கூடிய சீட்டுக்கட்டு ஒன்று வழங்கப்படும் என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்து, முத்திரை எல்லாம் முறையாக இருந்தன.

பாய்லர்காரர் இரண்டு தடவை படித்தார். கவரைத் திருப்பி மேலே இருந்த பெயரைப் பார்த்தார். அவர் பெயர்தான். ஊழியர் எண்ணும் அவருடையதுதான்.

"இருபத்தாறு வருஷமா சனிக்கிழமை ஆனா பிராக்டிஸு, பிராக்டிஸுன்னு ஓடுனது இதுக்குத்தானா?" என்றாள் மனைவி.

அவள் கேலியாகத்தான் கேட்டாள். அவர் ட்ரம்பெட் ஊதுவது அவளுக்குத் தெரியாதா? அந்தத் தெருவுக்கே தெரியும். ஆலையின் பேண்டு எங்கே வாசித்தாலும் முன்வரிசையில் கன்னம் உப்ப நிற்கிறவர் அவர்தான். ஆலைச் சங்கை ஊதுவதும் அவர் வேலைதான் என்பதால், ஆலையில் அவருக்கு 'ஊதல்' என்றே பட்டப்பெயர். இருந்தாலும் அவள் கேட்ட கேலியின் அடியில் ஒரு முள் கிடந்தது. அவளுடைய அப்பா சீட்டு ஆடியவர். அவள் பிறந்த அன்று, பெண் பிறந்திருக்கிறது என்று ஆள் போய்ச் சொன்னபோது, இந்த ஆட்டம் முடியட்டும் என்றாராம். ஆட்டம் மூன்றாம் நாள் முடிந்ததாம். பெண் பார்க்க வந்த அன்று அவள் மாப்பிள்ளையிடம் கேட்டது ஒன்றே ஒன்று: சீட்டைத் தொடக் கூடாது. ஆண்டவன்மேல் ஆணையாகத் தொட மாட்டேன் என்று அவரும் சொன்னார். தொடவும் இல்லை. ரயிலில் எதிரே நாலு பேர் உட்கார்ந்து சீட்டு போட்டால்கூட எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொள்கிற மனிதர்.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு. நாளைக்குப் போய்ச் சரி பண்ணிட்டு வந்துடறேன்" என்றார்.

அவருக்குப் பெயர் கெட்டதைவிட வேறொரு கவலை பெரிதாக இருந்தது. மன்றத்தில் ஒரு விதி உண்டு. பேண்டில் இருபத்தைந்து வருஷம் வாசித்தவர் ஓய்வுபெற்றால், தான் வாசித்த வாத்தியத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். அந்த ட்ரம்பெட்டை அவர் நினைவில் வைத்துத்தான் இரண்டு வருஷமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அதன் வாய் ஓரத்தில் ஒரு நசுங்கலின் தடம். மரச் சுத்தியலும் கந்தலும் வைத்துத் தட்டித் தட்டி அவரே எடுத்தது. விரலால் அழுத்துகிற மூன்று குமிழில் நடுக்குமிழ் மழைநாளில் ஒட்டிக்கொள்ளும்; இரண்டு தடவை சும்மா அழுத்தி விட்டால்தான் வழிக்கு வரும். பாய்லரின் ஒவ்வொரு வால்வும் எப்போது முரண்டு பிடிக்கும் என்று தெரிந்த மனிதருக்கு, இந்தப் பித்தளையின் முரண்டும் மனப்பாடம். வேறொரு ட்ரம்பெட்டை அவர் வாயில் வைத்தால் அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

மறுநாள் காலை மன்ற அலுவலகத்துக்குப் போனார். மன்றத்துக்குப் புதிதாக வந்த எழுத்தர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். மேஜையில் கம்ப்யூட்டர், பக்கத்தில் தண்ணீர் பாட்டில், அந்தப் பக்கம் பழைய பதிவேடுகள் மலைபோல.

"தங்கச்சி, என் பேருக்கு நேரே சீட்டுப் பிரிவுன்னு வந்திருக்கு. நான் பேண்டும்மா."

அவள் பழைய பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினாள். முன்னாள் எழுத்தர் எல்லாவற்றையும் இங்கிலீஷில், அதுவும் கூட்டெழுத்தில் எழுதி வைத்திருந்தார். பாய்லர்காரரின் பெயருக்கு நேரே அவள் விரல் நின்றது.

"இங்க பாருங்கண்ணே. ட்ரம்ப்னு எழுதியிருக்கு. அகராதியில போட்டுப் பாத்தேன். துருப்புன்னு வந்துச்சு. சீட்டாட்டத்துல வர்ற ஒரு சீட்டாம். அதான் சீட்டுப் பிரிவுல சேத்துட்டேன்."

"அது ட்ரம்பெட்டும்மா. அவரு சுருக்கி எழுதி முடிவுல ஒரு புள்ளி வச்சிருக்காரு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "இதுவா? மை சிந்தின மாதிரி இருந்துச்சுண்ணே."

"அந்த அகராதியில வேற ஒண்ணுமே போடலியா? ரெண்டாவதா ஏதாவது?"

அவள் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தாள். "ரெண்டாவது இருக்கு. எக்காளம்னு போட்டிருக்கு."

பாய்லர்காரருக்கு உயிர் வந்தது. "அதான், அதான். ஊதறது."

"ஆனா பக்கத்துல பழைய வழக்குன்னு போட்டிருக்கேண்ணே. அப்ப அது இப்ப செல்லாதுல்ல?"

"நானும் பழைய ஆளுதானேம்மா. எழுதுனவரும் பழைய ஆளு."

அவள் சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். கிளாரினெட்காரரையும் முதலில் கிளாவர் என்கிற சீட்டினம் என்று நினைத்துச் சீட்டுப் பிரிவிலே போட்டுவிட்டாளாம். அவர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் விசாரித்துத் திருத்திவிட்டாள். பாய்லர்காரர் அந்த வாரம் இரவு ஷிப்டில் இருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"சரி, என்னையும் திருத்திடு தங்கச்சி."

"அது போன மாசம் அண்ணே. இப்ப கம்ப்யூட்டர்ல பதிவைப் பூட்டிட்டாங்க. நான் தொட்டா உள்ளயே விடாது." அவள் ஒரு பொத்தானைத் தட்டிக் காட்டினாள். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. "தலைமை அலுவலகத்துக்கு எழுதணும். மூணு மாசமாவது ஆகும்."

"எனக்குப் பதினஞ்சு நாள்தாம்மா இருக்கு."

அவள் யோசித்தாள். பிறகு ஒரு வழி சொன்னாள். பேண்டு மாஸ்டர் இவர் எங்கள் ஆள் என்று எழுதித் தர வேண்டும். சீட்டுப் பிரிவுத் தலைவர் இவர் எங்கள் ஆள் இல்லை என்று எழுதித் தர வேண்டும். இரண்டும் இருந்தால் மேலாளரிடம் சொல்லித் திருத்தலாம். இரண்டே காகிதம். பாய்லர்காரர் தெம்பாக எழுந்தார்.

பேண்டு மாஸ்டர் வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. இளையவர், மரியாதையானவர். பயிற்சி அறையில் நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தார். பாய்லர்காரர் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்களுக்கு எழுதித் தர மாட்டேன்னு சொல்வேனா? ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நம்மகிட்ட இருக்கறது ரெண்டே ட்ரம்பெட். இன்னொண்ணு மழைக்குழாய் மாதிரி ஊளையிடும். நல்லது நீங்க வச்சிருக்கறதுதான். நீங்க அத எடுத்துட்டுப் போனா நான் எத வச்சு வாசிக்கறது?"

"விதி இருக்கேப்பா."

"இருக்குண்ணே. பேண்டுல இருந்தவங்களுக்கு." சொல்லிவிட்டு மாஸ்டர் தரையைப் பார்த்தார். "மன்றத்துப் பதிவேட்டுல நீங்க பேண்டுல இல்லியே."

போன சனிக்கிழமைகூடப் பாய்லர்காரர் இதே அறையில் இவருக்கு இடது கைப்பக்கம் நின்று ஊதினார். இசைத்தாளின் மூன்றாவது பக்கத்தில் அண்ணே, கொஞ்சம் மெதுவா என்று சொன்னவர் இந்த மனிதர்தான்.

"முதல்ல சீட்டுக்காரங்ககிட்ட வாங்கிட்டு வாங்கண்ணே. அப்புறம் பாப்போம்" என்று மாஸ்டர் மறுபடியும் நாற்காலியைப் பிடித்தார்.

அவர்மேல் கோபப்படவும் பாய்லர்காரரால் முடியவில்லை. அந்த ஆள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒருவன் அக்கிரமம் செய்தால் திட்டிவிட்டாவது வரலாம். எல்லோரும் நல்லவர்களாக இருந்துகொண்டு கையை விரித்தால் யாரைத் திட்டுவது? பாய்லர் அறைக்குத் திரும்பி வந்து அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆண்டவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். பதிவேட்டையும் பார்க்கிறானா என்று அன்றைக்கு அவருக்குச் சந்தேகமாக இருந்தது. சந்தேகப்பட்டதற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சீட்டுப் பிரிவின் தலைவர் ஆலையின் ஸ்டோர்காரர். பாய்லர்காரரும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பருத்த மனிதர்; எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசுவார்.

"என்னய்யா ஊதல், இருபத்தாறு வருஷமா எங்க பிரிவுல இருந்திருக்க, ஒருநாள் கூட வந்து எட்டிப் பாக்கலியே. ரொம்ப அகங்காரம்யா உனக்கு."

"விளையாடாதய்யா. நான் உங்க ஆளு இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடு."

"எழுதறதுல ஒண்ணுமில்ல. உனக்குச் சீட்டு தெரியாதுன்னு நான் கண்ணால பாக்கணும். சும்மா எழுதிட்டா நாளைக்கு எவனாவது கேப்பான். நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வா. ஒரு ஆட்டம். நீ திருதிருன்னு முழிப்ப. நாங்க சிரிப்போம். அங்கயே எழுதித் தரேன்."

"நான் சீட்டத் தொடறதில்லன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்யா. தொடாதவன் தொட்டாத்தானே தொடத் தெரியலன்னு தெரியும்."

அன்று முழுக்க அவர் யோசித்தார். தொட மாட்டேன் என்று சொன்ன சொல்லா, ட்ரம்பெட்டா? ஆடுவதற்காகத் தொடவில்லை, ஆடத் தெரியாது என்று காட்டத்தானே தொடுகிறோம் என்று மனத்தை ஒருவாறு சமாதானப்படுத்தினார். மறுநாள் மதியம் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு சீட்டு அறைக்குப் போனார். உள்ளே போவதற்கு முன் கண்ணை மூடி, ஆண்டவா, இது விளையாட்டில்லை, சாட்சிக்குத்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அறையில் பச்சைத்துணி போட்ட மேஜை. ஸ்டோர்காரர், மின்சாரப் பிரிவு ஆள் ஒருவர், கடைசல் பட்டறைக்காரர் ஒருவர். பாய்லர்காரரைக் கடைசல்காரருக்குக் கூட்டாளியாக எதிரே உட்கார வைத்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் வேறு. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. கடைசிச் சீட்டை ஸ்டோர்காரர் திருப்பி வைத்தார். இஸ்பேட் மூன்று.

"இஸ்பேட்தான் துருப்பு. ஒருத்தர் போட்ட இனம் உன் கையில இருந்தா அதையே போடணும். இல்லன்னா எத வேணும்னாலும் போடலாம். பெரிய சீட்டு போட்டவனுக்குப் பிடி. அவ்வளவுதான்."

"துருப்புன்னா என்ன பண்ணும்?"

"அத நான் சொல்ல மாட்டேன். அதுதானேய்யா பரீட்சை."

பாய்லர்காரர் கையில் இருந்ததைப் பிரித்துப் பார்த்தார். கறுப்பாக வேல் மாதிரி இஸ்பேட் சீட்டுகள் ஏழு இருந்தன. எல்லாம் இரண்டு, நாலு, ஐந்து என்று பொடி எண்கள். ராஜா இல்லை, ராணி இல்லை. அவருக்கு நிம்மதியாக இருந்தது. தோற்பதற்கு இதைவிட நல்ல கை வேண்டுமா?

ஸ்டோர்காரர் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் இனத்து ஏஸைப் போட்டார். பாய்லர்காரரிடம் ஆட்டின் ஒன்றுகூட இல்லை. எது போட்டால் கண்டிப்பாகத் தோற்கும் என்று தேடி, கையிலிருந்த மிகச் சின்னச் சீட்டை எடுத்து வைத்தார். இஸ்பேட் இரண்டு.

துருப்பு எவ்வளவு பொடியாக இருந்தாலும் மற்ற இனத்து ஏஸையும் வெட்டும் என்பது அவருக்குத் தெரியாது. "வெட்டிட்டான்யா" என்றார் மின்சாரக்காரர்.

"நான் ரெண்டுதானே போட்டேன்" என்றார் பாய்லர்காரர்.

"எடுங்க, பிடி உங்களுது" என்று கடைசல்காரர் சீட்டுகளை அவர் பக்கம் தள்ளினார்.

இப்படியே போயிற்று. தோற்க வேண்டும் என்று அவர் எப்போதெல்லாம் பொடிச் சீட்டைப் போட்டாரோ அப்போதெல்லாம் அது ராஜாவையும் ராணியையும் வெட்டிக்கொண்டு வந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சுற்றி நின்று மேஜையைத் தட்டினார்கள். அவர் நெற்றியில் வேர்வை. பாய்லர் அறையில்கூட அப்படி வேர்த்ததில்லை. கடைசியில் எண்ணியபோது அவருக்கும் கூட்டாளிக்கும் ஒன்பது பிடி.

ஸ்டோர்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏன்யா, ஆட்டின் ஏஸை ரெண்டால வெட்டின. நான் வச்சிருந்த ராஜாவ அஞ்சால வெட்டின. இவ்வளவு நல்லா ஆடறவனுக்கு ஆடத் தெரியாதுன்னு நான் எப்படி எழுதறது? பத்துப் பேரு பாத்திருக்காங்க. பொய் எழுதச் சொல்றியா?"

"சத்தியமாச் சொல்றேன், நான் தோக்கத்தான் போட்டேன்."

"இப்படித் தோக்கறதுக்கு எனக்கும் கத்துக் குடுய்யா" என்றார் மின்சாரக்காரர். அறையே சிரித்தது.

பாய்லர்காரர் எழுந்து வெளியே வந்தார். கை இரண்டும் அவருடையது இல்லாத மாதிரி இருந்தது. குழாயடிக்குப் போய் மறுபடியும் கழுவினார்.

வீட்டில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிட்டார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள், எடுத்தபடியே நின்றாள்.

"தொட்டீங்களா?"

"தொட்டேன். தெரியாதுன்னு காட்டத்தான்."

"தோத்தீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "ஜெயிச்சுட்டேன்."

அவள் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பாவும் முதல் நாள் ஜெயிச்சாராம்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு, 'சாப்பாடு எடுத்து வச்சிருக்கு', 'தண்ணி வருது' என்பதோடு நின்றது. பாய்லர்காரர் மன்றத்துக்கு மனு எழுதினார். மேலாளரைப் பார்க்கப் போனார். மேலாளர் கூட்டத்தில் இருந்தார். மறுநாள் போனார், வெளியூர் போயிருந்தார். அதற்கு மறுநாள் பார்க்க முடிந்தது. மேலாளர் அன்பாக உட்கார வைத்து, "உங்க ட்ரம்பெட்டை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன், பிரமாதம்" என்று பாராட்டி, அந்த இரண்டு காகிதத்தையும் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். பேண்டுக்காரர்கள் பதினான்கு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். எழுத்தர் அதை மரியாதையாக வாங்கி, மாஸ்டர் கையெழுத்து இல்லை என்று சொல்லி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியுதுண்ணே. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே" என்றாள்.

ஓய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்டோர்காரரே பாய்லர் அறைக்கு வந்தார். உள்ளே சூடு தாங்காமல் கதவருகே நின்றுகொண்டார். சிரிக்காமல் பேசினார், அதுவே அதிசயம்.

"அன்னிக்கு விளையாட்டா ஆரம்பிச்சேன்யா. அது இப்படிப் போகும்னு நெனைக்கல. இப்ப நான் எழுதிக் குடுத்தாலும் மாஸ்டர் எழுத மாட்டான். ஆனா ஒரு வழி இருக்கு. என் ஸ்டோர் புத்தகத்துல தேடுனேன். உன் ட்ரம்பெட் வந்த அன்னிக்கு அதையும் அந்தப் பழைய எழுத்தர்தான் பதிஞ்சிருக்காரு. ட்ரம்ப், புள்ளி, ஒண்ணு. அதே மாதிரி."

"அதனால?"

"உன் பேருக்கு நேரே துருப்பு. என் புத்தகத்துல துருப்பு ஒண்ணு. துருப்புக்காரனுக்குத் துருப்பக் குடுக்கறேன். பரிசப் பத்தி எழுத்தர் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன். சீட்டுக்கட்டுக்குப் பதிலா ஸ்டோர் பொருள்னு மாத்திக்கலாமாம். அதுக்குக் கம்ப்யூட்டர் விடுது. எவன் கேப்பான்?"

பாய்லர்காரர் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் சீட்டுப் பிரிவுன்னு கையெழுத்துப் போடணும்."

"ஆமா. அது மாறாது. ஓய்வுக் காகிதத்துல அப்படித்தான் வரும்."

பிழையைத் திருத்தத்தான் பதின்மூன்று நாளாக அவர் அலைந்தார். இப்போது அந்தப் பிழையில் கையெழுத்துப் போட்டால்தான் கேட்டது கிடைக்கும். சங்கு ஊதுகிற நேரமாயிற்று என்று அவர் போய் ஊதினார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஊதிவிட்டார்; ஷிப்டுக்காரர்கள் ஏதோ விபத்து என்று எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிரவு மனைவியிடம் கேட்டார். கேட்காமல் அந்தக் கையெழுத்தை அவரால் போட முடியாது.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பித்தள இல்லன்னா நீங்க வீட்டுல என்ன பண்ணுவீங்க?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். பத்து நாளாப் பாக்கறேனே. சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "போட்டு வாங்கிட்டு வாங்க. நீங்க ஆடலன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தக் காகிதம் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது."

கடைசி நாள். கைகுலுக்கினார்கள், பேசினார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவர் ட்ரம்பெட்டைப் பற்றித்தான் பேசினார்கள். பேசி முடித்ததும் எழுத்தர் ஓய்வுக் காகிதத்தை நீட்டினாள். சீட்டுப் பிரிவு உறுப்பினராகிய நான் என்று ஆரம்பித்தது. அவர் பேனாவை வாங்கி, கண்ணை மூடி ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லி, கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் சின்னதாக 'பேண்டு' என்று எழுதப் போனார்.

"அண்ணே, ஓரத்துல எழுதினா காகிதம் செல்லாதுண்ணே" என்றாள் அவள் பாவமாக.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் தந்த நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஸ்டோரில் ட்ரம்பெட் தயாராக இருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தார் ஸ்டோர்காரர். பெட்டி இல்லை. பெட்டி பயிற்சி அறை அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி மாஸ்டரிடம் இருந்தது. மாஸ்டர் அன்றைக்கு விடுப்பு.

"என்ன பண்ணச் சொல்ற? பெட்டி தனியாப் பதிஞ்சிருக்கு. அதுக்குத் தனியா மனுப் போடணும்" என்றார் ஸ்டோர்காரர். "முதல்ல இத வெளிய கொண்டு போயிடு. மாஸ்டர் வந்தா இதுக்கும் ஏதாவது சொல்லுவான்."

பாய்லர்காரர் ட்ரம்பெட்டை உறை இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். வெயிலில் பித்தளை கண்ணைக் கூசச் செய்தது. கேட்டுக்கு வெளியே மனைவி காத்துக்கொண்டிருந்தாள்.

காவலாளி, பொருளை வெளியே எடுத்துப்போக ஸ்டோரில் எழுதித் தந்த சீட்டை வாங்கிப் படித்தார். ட்ரம்பெட்டைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"ஐயா, இதுல துருப்பு ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஆடற சீட்டு எங்க?"

பாய்லர்காரருக்கு இந்தப் பதினாறு நாளும், அந்த அகராதியும், அந்த மைப்புள்ளியும், இஸ்பேட் இரண்டும், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஆனாலும் குரலை உயர்த்தாமல், "இதுதாங்க துருப்பு. இங்கிலீஷ்ல ஊதறதுக்கும் அதே பேரு. பழைய பேரு" என்றார்.

"அப்படியா? சரி, போங்க" என்று காவலாளி சங்கிலியை எடுத்துவிட்டார்.

பாய்லர்காரர் நகரவில்லை.

"என்னங்க, போகச் சொல்றாரே" என்று வெளியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"இரும்மா." அவர் காவலாளியின் பக்கம் திரும்பினார். "நான் சொன்னதும் நம்பிட்டீங்களா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? இத்தன வருஷமா நீங்கதானே அத ஊதறீங்க. அதுக்குப் பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பாய்லர்காரர் எத்தனை படி ஏறி இறங்கியிருப்பார்?

"இதையே ஒரு காகிதத்துல எழுதித் தருவீங்களா?"

காவலாளி சங்கடமாகச் சிரித்தார். "நான் கேட்டுல நிக்கறவன் ஐயா. எழுதறதுக்கெல்லாம் எனக்கு ஏது அதிகாரம்?"

மனைவி உள்ளே வந்தாள். கணவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஓய்வுக் காகிதத்தை எடுத்து, படிக்காமல், காவலாளியின் மேஜையில் இருந்த பழைய பதிவேட்டுக்கு அடியில் வைத்தாள். "யாராவது கேட்டா இங்கயே இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். ட்ரம்பெட்டை அவர் கையிலிருந்து வாங்கி, வெயில் படாமல் தன் முந்தானையால் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"பெட்டிக்கு எழுதணும்" என்றார் அவர் பின்னால் வந்தபடி.

"நாளைக்கு எழுதுங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.